துப்பாக்கி உதைக்கு மிரளாமல் சுடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கனமான ரைஃபிளைக் கையில் எடுத்த முதல் மாதம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒருநாள், "இன்னைக்குத் தோட்டாவை நான் போட்டுத் தர்றேன், நீ உள்ளே பார்க்காதே" என்றார். நான்கு முறை வெடித்தது. ஐந்தாவது முறை டிரிக்கரை இழுத்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே இருந்தது டம்மி தோட்டா, அதாவது மருந்தில்லாத பொய்த் தோட்டா. ஆனால் குழலின் முனை நாலு விரற்கடை கீழே குத்தி இறங்கிவிட்டது. என் கண்கள் இறுக மூடியிருந்தன. வலது தோள் முன்னே பாய்ந்திருந்தது. ஒரு வாரமாக இலக்குத்தாளில் குண்டுகள் ஏன் கீழேயே விழுந்தன என்பதற்கு அந்த ஒரு 'டிக்' பதில் சொல்லிவிட்டது.

குறியைக் கெடுப்பது உதைதான், அதாவது வெடிக்கும்போது துப்பாக்கி பின்னே வந்து தோளில் இடிப்பதுதான், என்று அதுவரை நினைத்திருந்தேன். உதை வரப்போகிறதே என்று உடம்பு முந்திக்கொண்டு மிரள்வதுதான் கெடுக்கிறது. உதையைக் குறைக்கலாம், பரப்பிவிடலாம், தாங்கலாம். மிரட்சி ஊறிவிட்டால் அதை வெளியே எடுக்க மாதக்கணக்கில் ஆகும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த மிரட்சியை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

உதை எங்கிருந்து வருகிறது

குண்டும் அதைத் தள்ளும் வெடிமருந்து வாயுவும் எவ்வளவு உந்தத்தோடு முன்னே போகின்றனவோ, அதே அளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கிறது. பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். குண்டின் எடை, வேகம், மருந்தின் எடை, துப்பாக்கியின் எடை ஆகிய நான்கும் தெரிந்தால் உதையின் ஆற்றலைத் தோராயமாகக் கணக்கிட்டுவிடலாம்.

ஒரு .22 ரைஃபிளில் அது கால் ஜூலைக்கூட எட்டாது. (.22, .308 என்பவை தோட்டா வகைகளின் பெயர்கள்; எண், குண்டின் தோராயமான விட்டம், அங்குலத்தில்.) 3.6 கிலோ எடையுள்ள .308 வின்செஸ்டரில் சுமார் 22 ஜூல். அதே எடையில் .30-06 என்றால் 30 ஜூல் பக்கம். .300 வின்செஸ்டர் மேக்னம் 40-ஐத் தொடும். 4.1 கிலோ எடையுள்ள .375 ஹெச் அண்ட் ஹெச் 55-ஐத் தாண்டும். .458 வின்செஸ்டர் மேக்னம் 80-க்கு மேல். 12 போர் ஷாட்கன்னை எளிய ஆயுதம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 28 கிராம் ரவையோடு (சிறு உலோகக் குண்டுகள்) 3.4 கிலோ துப்பாக்கியில் அது 25 ஜூல், அதாவது .308-க்குச் சற்று மேலே. லேசான பம்ப் ஷாட்கன்னில் ஒற்றைக்குண்டுத் தோட்டாவைப் போட்டால் 45 ஜூல் பக்கம் போய்விடும்.

துப்பாக்கியின் எடைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மலையேறத் தோதாக 2.7 கிலோவுக்குக் குறைத்த ரைஃபிளில் அதே .308 தோட்டா 22-க்குப் பதில் 30 ஜூல் உதைக்கும். வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். .308 ரைஃபிள் விநாடிக்குச் சுமார் 3.5 மீட்டர் வேகத்தில் பின்னே வருகிறது; .458 ஆறு மீட்டருக்கும் மேல். மெதுவாக வரும் உதை தள்ளுவதுபோல இருக்கும், வேகமாக வருவது அறைவதுபோல இருக்கும். தள்ளலுக்கு உடம்பு சீக்கிரம் பழகிவிடும், அறைதான் மிரட்டும்.

இன்னொரு கணக்கு, எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது. 60 சென்டிமீட்டர் குழலைக் குண்டு கடக்க ஒரு மில்லிநொடியும் சொச்சமும்தான் ஆகிறது. அதற்குள் ரைஃபிள் பின்னே நகர்ந்திருப்பது சுமார் 2 மில்லிமீட்டர். தோளில் முழு அடி விழும்போது குண்டு எப்போதோ போய்விட்டது. மனித உடம்பு ஒரு சத்தத்துக்கோ அடிக்கோ அனிச்சையாகப் பதில் கொடுக்கக்கூடச் சில பத்து மில்லிநொடிகள் வேண்டும். ஆகவே குண்டு வெளியேறும் முன் நீங்கள் அசைந்தால், அது உதைக்கு நீங்கள் கொடுத்த பதிலாக இருக்கவே முடியாது. நீங்களாக முன்கூட்டிச் செய்தது.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்

தோளில் அறுவை செய்தவர்கள், கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள், விழித்திரைப் பிரச்சினையோ அண்மையில் கண் அறுவையோ உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள். பேஸ்மேக்கர் இருக்கும் பக்கத்துத் தோளில் கட்டையை (துப்பாக்கியின் தோளில் படும் பின்பகுதி) ஊன்றிச் சுடுவது அதன் கம்பியைச் சேதப்படுத்தலாம். இதில் வீரம் காட்ட எதுவும் இல்லை. கேட்டுவிட்டு வாருங்கள்.

முதல் படி: துப்பாக்கி உடம்புக்குப் பொருந்த வேண்டும்

ஒரே தோட்டா, ஒரே எடை. ஆனாலும் ஒரு துப்பாக்கி இதமாகவும் இன்னொன்று கொடுமையாகவும் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டைதான். தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதிசெய்துகொண்டு, துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைக் கட்டைமேல் வையுங்கள். கட்டைவிரல் முட்டிக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் அகலமாவது இடைவெளி வேண்டும். கட்டை குட்டையாக இருந்தால் உதையில் கட்டைவிரல் மூக்கில் குத்தும். நீளமாக இருந்தால் தூக்கும்போது அக்குளில் சிக்கி, தோள்குழிக்குப் பதில் புஜத்தில் போய் உட்காரும். தடித்த மேலாடை போட்டுச் சுடப்போகிறீர்கள் என்றால் அதைப் போட்டுக்கொண்டே அளந்து பாருங்கள்.

அடுத்தது கன்னம் படும் மேல்விளிம்பு. குழலின் கோட்டிலிருந்து கட்டை ரொம்பவும் கீழே வளைந்து போனால், உதை நேராகப் பின்னே வராமல் முனையை மேலே தூக்கும். கட்டையின் விளிம்பு எழும்பிக் கன்ன எலும்பில் அறையும். நேரான கட்டையில் இந்தத் தொல்லை குறைவு. பட்டுப்போன்ற பாலிஷும் பழைய வளைவும் கொண்ட அழகான கட்டைகள் எனக்கும் பிடிக்கும், ஆனால் பெரிய தோட்டாவை அவற்றில் போட்டுச் சுட எனக்கு மனம் வராது.

கட்டையின் அடியில் இரும்புத் தகடோ கெட்டியான பிளாஸ்டிக்கோ இருந்தால் முதல் வேலையாக அதை எடுத்துவிட்டு, அகலமான மென்ரப்பர் திண்டு போடுங்கள். அது உதையின் ஆற்றலைக் குறைப்பதில்லை. அதே ஆற்றலை அதிக நேரத்திலும் அதிகப் பரப்பிலும் தோளுக்குத் தருகிறது. அதுவே போதும். 25 மில்லிமீட்டர் திண்டு போட்டால் கட்டை அந்த அளவு நீண்டுவிடும் என்பதை மறக்க வேண்டாம். நல்ல ஆசாரியிடம் கொடுத்துக் கட்டையை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: காது

உதைக்குப் பயப்படுகிறேன் என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் சத்தத்துக்குப் பயப்படுகிறார்கள். பெரிய ரைஃபிளின் வெடி 160 டெசிபல் அளவில் இருக்கும். 140-லேயே காது நிரந்தரமாகப் பழுதாகலாம். காதுக்குள் நுரை அடைப்பானைச் சுருட்டி நுழைத்து, அது விரியும்வரை பிடித்திருந்து, அதன்மேல் காதுறையும் போடுங்கள். இரண்டும் வேண்டும். புதிதாக வருபவருக்கு இதை மட்டும் செய்துகொடுத்தாலே, "இன்னைக்குத் துப்பாக்கி லேசா உதைக்குதே" என்பார். கண்ணாடியும் கட்டாயம்.

மூன்றாம் படி: நிற்பதும் பிடிப்பதும்

வலக்கைக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இடது கால் முன்னே, கால்கள் தோளகலம், முழங்கால் இரண்டும் லேசாக மடங்கியிருக்கட்டும். உடம்பின் பாரத்தில் பாதிக்கு மேல் முன்காலில். மூக்கு முன்காலின் பெருவிரலுக்கு நேர்மேலே வருமளவு சாயுங்கள். புதியவர்கள் துப்பாக்கியின் பாரத்தைச் சமன்செய்யப் பின்னால் வளைவார்கள். அப்படி நின்று சுட்டால் உதை ஆளையே இரண்டடி பின்னே தள்ளிவிடும்.

கட்டை உட்கார வேண்டிய இடம் காறை எலும்பின் முனைக்கும் புஜ மூட்டுக்கும் நடுவே உள்ள சதைக்குழி. வலது முழங்கையை மெல்ல உயர்த்துங்கள், அந்தக் குழி தானாக ஆழமாகும். இடது கைவிரலால் தொட்டுப் பார்த்து இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியை முகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் தோளுக்கு இழுக்க வேண்டும். முகம் துப்பாக்கியைத் தேடிப் போகக் கூடாது.

இனிப் பிடி. வலியைப் பார்த்துப் பயந்தவர்கள் கட்டையைத் தோளிலிருந்து ஒரு நூல் தள்ளிப் பிடிப்பார்கள். இதைவிடப் பெரிய தவறு இல்லை. அந்த இடைவெளியில் துப்பாக்கி ஓடிவந்து மோதுகிறது. திண்டு தோளோடு ஒட்டியிருந்தால் உங்கள் உடம்பும் துப்பாக்கியின் எடையில் சேர்ந்துவிடும். இரண்டும் சேர்ந்தே பின்னே போகும். வலக்கையின் நடு, மோதிர, சுண்டு விரல்கள் கட்டையை உறுதியாகப் பின்னே இழுக்க, இடக்கை முன்கட்டையை இலக்கை நோக்கி லேசாகத் தள்ள வேண்டும். ஷாட்கன்னில் இந்த இழு-தள்ளு முறை அருமையாக வேலை செய்யும்.

உறுதி என்றால் விறைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கைப்பிடி உறுதி, இடுப்புக்கு மேல் உடம்பு நாணல்போல. உதை வந்ததும் மேலுடம்பு பின்னே வளைந்து மறுபடி முன்னே வர வேண்டும். நாக்கு பற்களுக்கு நடுவே இருக்கக் கூடாது. மூச்சைப் பாதி விட்டு, இயல்பாக நிற்கும் அந்தக் கணத்தில் டிரிக்கரை அழுத்துங்கள்.

கன்றிய இடம் சொல்லும் சேதி

சுட்டுவிட்டு வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன் நின்று எங்கே கன்றியிருக்கிறது என்று பாருங்கள். எந்த ஆசிரியரும் இவ்வளவு நேர்மையாகச் சொல்ல மாட்டார்.

புஜத்தின் மேற்புறம் நீலம் பாய்ந்திருந்தால் கட்டை குழிக்கு வெளியே, கையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அநேகமாகக் கட்டை நீளம், அல்லது பக்கவாட்டில் ரொம்பத் திரும்பி நிற்கிறீர்கள். காறை எலும்பின்மேல் வலித்தால் கட்டை உள்ளே அல்லது மேலே தள்ளிப் போயிருக்கிறது. கீழ்த்தோளில் சின்னதாக, கூர்மையாக ஒரு கன்றல் இருந்தால், கட்டையின் அடிமுனை மட்டும் தோளில் ஊன்றி மேற்பாதி காற்றில் நிற்கிறது. திண்டு முழுவதும் தோளில் படும்படி கட்டையைச் சற்றுக் கீழே இறக்கி வைத்துப் பாருங்கள். கன்னம் சிவந்திருந்தால் கன்னத்தை அழுத்தி வைக்காமல் தொட்டும் தொடாமலும் வைத்திருக்கிறீர்கள், இல்லையென்றால் கட்டையின் வளைவு சரியில்லை. நடுவிரலின் முட்டி வீங்கியிருந்தால் டிரிக்கர் வளையத்தின் பின்புறம் அதை அடித்திருக்கிறது. பிடி தளர்ந்திருக்கிறது அல்லது விரல் வளையத்தோடு ஒட்டியிருக்கிறது. பெரிய ரைஃபிள்களில் வாரைக் கோக்கும் முன்வளையத்தைக் கட்டையில் வைக்காமல் குழலில் பொருத்துவார்கள், கவனித்திருப்பீர்கள். உதையில் அது இடது கையைக் கிழித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

நான்காம் படி: கண்ணும் ஸ்கோப்பும்

புருவத்தின்மேல் பிறை வடிவத் தழும்பு உள்ளவர்களை எந்தச் சுடுதளத்திலும் பார்க்கலாம். ஸ்கோப்பின் (துப்பாக்கிமேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) விளிம்பு இட்ட முத்திரை அது. கனமான ரைஃபிளுக்குக் கண்ணிலிருந்து ஸ்கோப் குறைந்தது 90 முதல் 100 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் முழுப் படமும் தெரிகிற ஸ்கோப்பையே வாங்குங்கள். நின்று, உட்கார்ந்து, படுத்து என மூன்று நிலையிலும் வைத்துப் பாருங்கள். படுக்கும்போது தலை முன்னே நகரும், இடைவெளி சுருங்கும். மேல்நோக்கிச் சுடும்போதும் அப்படித்தான். பெரிதாக்கும் அளவைக் கூட்டினால் சில ஸ்கோப்புகளில் இந்த இடைவெளி குறையும்.

ஐந்தாம் படி: மேசையில் சுடும்போது

உதை அதிகமாக வலிப்பது மேசையில்தான். நின்று சுடும்போது வளைந்துகொடுக்கும் உடம்பு, மேசைமேல் கவிழ்ந்து உட்கார்ந்ததும் சுவராகிவிடுகிறது. குறி சரிபார்க்க மேசை வேண்டியிருக்கிறது. ஆனால் தாங்குமேடையையும் மணல்மூட்டையையும் உயர்த்தி, முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். நெஞ்சு மேசை விளிம்பைத் தொடவே கூடாது. தோளுக்கும் கட்டைக்கும் நடுவே சிறிய மணல்பை ஒன்றை வைப்பது நல்ல பழைய உத்தி. இடைவெளி ஏதுமில்லாமல் இறுக்கி வைக்க வேண்டும்.

பாரம் ஏற்றி ரைஃபிளைப் பிடித்துக்கொள்ளும் சட்டங்கள் விற்கின்றன. தோளுக்கு நிம்மதிதான். ஆனால் ரைஃபிள் நகராமல் போனால் அந்த விசை முழுவதும் கட்டையின் கழுத்துக்கும் ஸ்கோப்பின் பிடிகளுக்கும் போகிறது. பெரிய தோட்டாவில் மரக்கட்டை பிளக்கும். பாரத்தைக் குறைவாக வைத்து, ரைஃபிள் கொஞ்சமாவது பின்னே நகர வழி விடுங்கள்.

படுத்துச் சுடுவதானால் ரைஃபிளுக்கு நேர் பின்னால் உடம்பைக் கிடத்துங்கள். கோணலாகப் படுத்தால் உதை காறை எலும்பில் விழும்.

ஷாட்கன்காரர்களுக்கு

ரைஃபிள்காரருக்கு ஒரு நாளில் இருபது வெடி என்றால் உங்களுக்கு நூறு. பறக்கும் தட்டுகளைச் சுடும் ஒலிம்பிக் டிராப் போட்டியின் தகுதிச்சுற்றில் 125 தட்டுகள், தட்டுக்கு இரண்டு வெடி வரை. அங்கே ஒரு தோட்டாவில் 24 கிராம் ரவைதான். உலகின் சிறந்த சுடுநர்கள் 24 கிராமில் தட்டை உடைக்கும்போது, பழகுபவருக்கு 36 கிராம் தோட்டா எதற்கு? ரவையின் எடையைக் குறையுங்கள், வேகத்தையும் குறையுங்கள். வாயுவால் இயங்கி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஆட்டோ உதையை நீட்டிப் பரப்பித் தருவதால் இரட்டைக்குழலைவிட மென்மையாகத் தோன்றும். 3½ அங்குல மேக்னம் தோட்டாவை லேசான துப்பாக்கியில் போடுவது சிலருக்கு ஒரு பந்தயம். புதியவரிடம் அதைக் கொடுத்துச் சிரிப்பவரை என் பக்கத்தில் நிற்கவே விடமாட்டேன்.

கனமான எந்தத் துப்பாக்கியையும் ஒருவர் முதன்முறை சுடும்போது ஒரே ஒரு தோட்டாதான் உள்ளே இருக்க வேண்டும். உதையில் கை இறுகி இரண்டாவது முறை டிரிக்கர் இழுபட்டால் குழல் எங்கே பார்க்கும் என்று யாருக்கும் தெரியாது. இரட்டை டிரிக்கர் உள்ள துப்பாக்கியிலும் ஒரு குழலை மட்டும் நிரப்புங்கள்.

காசு கொடுத்து வாங்கக்கூடியவை

மஸில் பிரேக் என்பது குழல் முனையில் துளைகள் வைத்து வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் பொருள். பெரிய ரைஃபிளில் உதையை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்கும். விலையாகச் சத்தமும் காற்றழுத்தமும் உங்கள் பக்கமும் பக்கத்தில் இருப்பவர் பக்கமும் திரும்பும். பலரை மிரட்டுவது சத்தம்தான் என்று மேலே சொன்னேன். ஆகவே காதை அடைக்காமல் பிரேக் போட்டுச் சுடாதீர்கள். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் சைலன்சர் உதையையும் சத்தத்தையும் சேர்த்தே குறைக்கும். கட்டைக்குள் எடை சேர்ப்பது மலிவான வழி, பலன் நிச்சயம். மேலாடைக்கு அடியில் அணியும் தோள்திண்டு, மேசையில் சுடும் நாளுக்கு நல்லது.

இவையெல்லாம் வேண்டாம் என்றால் சின்ன தோட்டா வாங்குங்கள். .308-ஐத் துல்லியமாகச் சுடுபவர், .300 மேக்னத்தைக் கண்மூடிச் சுடுபவரைவிட நல்ல வேட்டைக்காரர். உதை குறைந்த தோட்டாக்களும் பல அளவுகளில் தயாராகின்றன.

எத்தனை தோட்டா, எந்த வரிசையில்

.22-இல் தொடங்குங்கள். அது சரியாக வந்த பின் நடுத்தர ரைஃபிள், அதன் பிறகே பெரியது. பெரியதைச் சுடும் நாளிலும் முதலில் .22-இல் இருபது, பிறகு பெரியதில் ஐந்து, பத்து நிமிட ஓய்வு, மறுபடி ஐந்து, கடைசியில் .22-இல் பத்து. உடம்பு வீட்டுக்கு எடுத்துப்போவது கடைசியாகச் சுட்டதன் நினைவைத்தான். .375-க்கு மேலே போனால் ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். தோள் வலித்த பிறகு நிறுத்துவது தாமதம். இலக்குத்தாளில் குண்டுகள் ஒன்றுக்கொன்று விலகி விழ ஆரம்பித்ததுமே நிறுத்துங்கள்.

வீட்டில் தினமும் பத்து நிமிடம் தோட்டா இல்லாமல் டிரிக்கர் பழகுங்கள். அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது, குழல் பாதுகாப்பான பக்கம் பார்க்க வேண்டும். குழல்மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் டிரிக்கரை அழுத்திப் பாருங்கள்.

மிரட்சி ஏற்கனவே புகுந்துவிட்டால்

அடையாளங்கள்: வலக்கைக்காரரின் குண்டுகள் கீழேயும் பக்கத்திலும் சிதறும். வெடித்த கணத்தில் குறி எங்கே நின்றது என்று கேட்டால் சொல்ல முடியாது, ஏனென்றால் கண் மூடியிருந்தது. டிரிக்கரை அழுத்தாமல் வெடுக்கென்று இழுப்பீர்கள்.

பெரிய துப்பாக்கியை ஒரு மாதம் பெட்டியில் வையுங்கள். .22-இலும் வெற்று டிரிக்கரிலும் மட்டும் பழகுங்கள். பிறகு ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு சுடுதளத்துக்குப் போய், நான் முதலில் சொன்ன டம்மி பயிற்சியைச் செய்யுங்கள். நிறத்தால் தெளிவாக வேறுபட்ட டம்மி தோட்டாக்களாக இருக்கட்டும். நண்பர் போட்டுத் தர, நீங்கள் பார்க்காமல் சுட வேண்டும். தொடக்கத்தில் ஐந்துக்கு நான்கு டம்மி. 'டிக்' என்றதும் குழல் இலக்கையே பார்த்திருக்கட்டும், 30 விநாடி கழித்தே திறக்க வேண்டும். உள்ளே இருந்தது தாமதமாக வெடிக்கும் தோட்டாவாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் விரல்களில் ஊறிவிட வேண்டும்.

அந்த 'டிக்' நேரத்தில் நண்பர் இலக்கைப் பார்க்காமல் உங்கள் குழல் முனையை மட்டும் பார்க்கட்டும். இருபது 'டிக்'கில் ஒருமுறையும் முனை அசையாமல் நின்றால், அடுத்த முறை டம்மியின் எண்ணிக்கையை ஒன்று குறையுங்கள். அசைந்தால் அன்றைக்குப் பெரிய தோட்டாக்களைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, .22-ஐ எடுத்துப் பத்து சுட்டுவிட்டுக் கிளம்புங்கள்.